வலது கம்பியில் பஞ்சுருட்டான்கள்

முப்பத்தெட்டாவது டவரில் சுடலைக்கண்ணு ஏறத் தொடங்கியபோது மணி ஆறு நாற்பது.

வானம் மூடியிருந்தது. மழை மூட்டம் இல்லை. காற்றாலைக் காட்டில் விடியும்போது கவிந்து எட்டு மணிக்குள் கலைந்துபோகும் மூட்டம். வெயில் ஏறிவிட்டால் என் கண்ணுக்கு வேலை கிடையாது. அதனால்தான் இந்த நேரம்.

டவரின் இரண்டு பக்கமும் இரண்டு லைன்கள் போகின்றன. இடது பக்கம் ஒன்றாம் லைன், வலது பக்கம் இரண்டாம் லைன். ஒவ்வொன்றிலும் இரண்டு லட்சத்து முப்பதாயிரம் வோல்ட். இன்று இடது லைனை நிறுத்தி, அதில் விரிசல் விட்ட பீங்கான் தட்டுகளை மாற்ற வேண்டும். வலது லைன் ஓடிக்கொண்டே இருக்கும். காற்று வீசும் மாதத்தில் நிறுவனம் இரண்டையும் சேர்த்து நிறுத்தாது.

நிறுத்தியதற்கான அனுமதியை எல்.சி. என்பார்கள். லைன் கிளியர். துணைமின் நிலையத்தில் சுவிட்சைத் திறந்து பூட்டிவிட்டு போனில் ஓர் எண் கொடுப்பார்கள். அதை வாங்கியவர்தான் திருப்பித் தர வேண்டும். வேறு யார் சொன்னாலும் மறுபடி மின்சாரம் விடமாட்டார்கள். இன்று வாங்கியவர் ஜூனியர் இன்ஜினியர் பெனிட்டா. இருபத்தாறு வயது. எண்ணை நோட்டில் எழுதிவிட்டு உள்ளங்கையிலும் எழுதிக்கொண்டார்.

"ரெண்டு எடத்துல எதுக்கு மேடம்?" என்றார் சுடலைக்கண்ணு, இடுப்பு பெல்ட்டை இறுக்கியபடி.

"நோட்டு தொலையலாம் அண்ணாச்சி. கை தொலையாதுல்லா."

"கையும் தொலையும் மேடம். நம்ம தொழில்ல பாத்திருக்கேன்."

கயிறு பிடிக்க வந்த இரண்டு பேர் சிரித்தார்கள். பெனிட்டா சிரிக்கவில்லை. மின்சாரம் இருக்கிறதா என்று காட்டும் கருவியை நீளக் கம்பில் கட்டி, இடது லைனை நோக்கித் தூக்கிப் பார்த்தார்கள். அது கீச்சிட்டது.

"கீச்சிடுதே அண்ணாச்சி."

"பக்கத்து லைன் ஓடுதுல்லா மேடம், அதோட தாக்கம். இருபத்திரண்டு வருசமா இது கீச்சிடாம நான் பாத்தது கெடையாது. பேட்டரி தீந்தாத்தான் வாய மூடும்."

அது உண்மைதான். அந்தக் கருவி கீச்சிடுவதை யாரும் கேட்பதில்லை. சுவரில் பல்லி சத்தம் போடுவதுபோல.

அவர் ஏற வேண்டியது தொண்ணூறு அடி. மேலே குறுக்குக் கையில் உட்கார்ந்து எர்த் ராடை இடது கம்பியில் மாட்டுவார். கம்பியில் மிச்சம் இருப்பது தரைக்கு இறங்கிவிடும். அதற்குப் பிறகுதான் கை வைக்கலாம். கம்பி செத்திருந்தால் ஒரு சின்னப் பொறி பறக்கும். செத்திருக்காவிட்டால் ராடு பிடித்த ஆள் இருக்கமாட்டார்.

நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன்.

என் சம்பளச் சீட்டில் 'காட்சி ஆய்வாளர்' என்று இருக்கும். பெயர் இசக்கிதுரை. லைன்மேன்கள் வைத்த பெயர் குருவிக்கண்ணன்.

வலது லைன் எரிந்தது. அது எரியத்தான் வேண்டும். உயர் அழுத்தம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காற்று உடைந்து ஒளி கசியும். மனிதக் கண்ணுக்கு அது தெரியாது. பறவைக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நிறத்துக்குப் பெயர் இல்லை. மற்றவர்களிடம் ஊதா என்று சொல்லிவைப்பேன். ஊதா இல்லை.

இடது லைனும் எரிந்தது.

கண்ணை மூடித் திறந்தேன். எரிந்தது. டவர் டவராக, தெற்கிலிருந்து வடக்குவரை, இரண்டு பக்கமும் ஒரேமாதிரி.

சுடலைக்கண்ணு பதினைந்தடி ஏறியிருந்தார்.

நான் உடனே சொல்லவில்லை. சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. நேற்று பாளையங்கோட்டையில் ஒரு கண் டாக்டர் கொடுத்தது. நிறுவனத்துக்குத் தெரியாமல் போயிருந்தேன்.

"பத்து அட்டை காட்டுனேன்," என்றார் டாக்டர் கோமதிநாயகம். "அந்த நிறம் இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லணும். சும்மா ஊகிச்சாலே அஞ்சு சரியா வரும். நீங்க சரியாச் சொன்னது நாலுதான்."

"எனக்குத் தெரியுதே டாக்டர்."

"தெரியும். தெரியலன்னு நான் சொல்லல. பறவைக்கு அந்த ஒளியத் தாங்குத கண்ணு பொறந்ததுலயே இருக்கு. நமக்கு அத உள்ள விடாம மறைக்கத்தான் லென்சு. உங்களுக்கு அந்த லென்ச எடுத்துட்டு வேற வச்சு, நிறமிக்கு ஊசியும் போட்டு, கதவத் தெறந்து விட்டுட்டாங்க. உள்ள எரிஞ்சுபோச்சு. இப்ப சில நேரம் வெளியேருந்து வாறது தெரியும். சில நேரம், எங்க இருக்கும்னு நெனைக்கீங்களோ அங்க மூளையே போட்டுக்கிடும். காலெடுத்தவனுக்குக் கால் அரிக்கும்லா, அதுமாதிரி."

"எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

"மூடிப் பாருங்க. ஒரு பேப்பர வச்சு மூடுன பெறகும் தெரிஞ்சா அது உங்களோடது."

ஒரு மாதத்துக்குள் பழைய மாதிரி லென்ஸ் வைக்காவிட்டால் மிச்சப் பார்வையும் போய்விடும் என்று எழுதிக் கொடுத்தார். வைத்தால் அந்த நிறம் திரும்பாது.

கம்பியைப் பேப்பர் வைத்து மூட முடியாது.

"மேடம்," என்றேன். "இடது லைன்ல எரியுது."

பெனிட்டா என்னைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். அவருக்கு அங்கே சாம்பல் வானமும் அலுமினியக் கம்பியும் மட்டும்.

"எவ்வளவு?"

"முழுசா. ரெண்டும் ஒண்ணுபோல."

"துரை சார். போன மாசம் இருபத்தி ரெண்டாம் டவர்ல எரியுதுன்னு சொன்னீங்க. ஆறு மணி நேரம் லைன நிறுத்தி வச்சோம். ஒண்ணும் இல்ல. அதுக்கு முந்தி நாப்பத்தொண்ணு. அங்கயும் ஒண்ணும் இல்ல."

"தெரியும்."

"அந்த ஒளியப் பிடிக்குத கேமரா சொன்னாத்தான் நிறுத்தணும்னு ஹெட் ஆபீஸ்ல மெயில் போட்டுட்டாங்க. கேமரா ரிப்பேருக்குப் போயிருக்கு. எனக்கு எல்.சி. எட்டரை வரைக்கும்தான் குடுத்திருக்கான்."

"அண்ணாச்சிய நிக்கச் சொல்லுங்க."

"எத வச்சு?"

பெனிட்டா கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உங்க கண்ணு சரியா இருக்கா? உண்மையச் சொல்லுங்க."

சரியில்லை என்று சொன்னால் சுடலைக்கண்ணு நிற்காமல் ஏறுவார். அந்தக் கணக்கை நான் போட்டது உண்மை. ஆனால் என் கை சட்டைப் பையை மூடிக்கொண்டது அவருக்காக மட்டும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

என் மனைவி முப்பிடாதி. காலேஜில் எல்லோரும் ஆதி என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். இந்த லைன்களுக்கு அடியில் நடந்து செத்த பறவைகளை எண்ணுவது அவள் வேலை. பூநாரை, நாரை, ஒரு தடவை ஒரு கழுகு. சாக்கில் போட்டுக்கொண்டு வருவாள். பதினான்கு மாதங்களுக்கு முன்பு மூளைக்காய்ச்சலில் போனாள். நான்கு நாட்கள். இருபத்தேழு வயது. அதற்கு அடுத்த மாதம் நிறுவனம் இந்தக் கண் அறுவை சிகிச்சைக்கு ஆள் கேட்டது. முப்பது பக்கம் இருந்த தாளில் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. படிக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்தபோது ஆதியின் படம் செத்திருந்தது. புகைப்படத்தில் அந்த நிறம் கிடையாது. மனிதத் தோலில் இருக்கிறது, இலையில் இருக்கிறது, நாயின் முதுகில் இருக்கிறது. படத்தில் மட்டும் இல்லை. சாம்பலைக் குழைத்துப் பூசிய முகம்போல இருந்தது. திருப்பி வைத்தேன். திரும்பும்போதுதான் வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பார்த்தேன். ஒரு கை. ஐந்து விரலும் விரித்து ஊன்றிய கை. சுண்ணாம்புக்கு மேல் அந்த நிறத்தில் எரிந்தது. தோலின் எண்ணெய் படிந்த இடம் அப்படித் தெரியும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

வெளியிலிருந்து வந்ததும் ஆதி அந்தச் சுவரில் கை ஊன்றித்தான் செருப்பைக் கழற்றுவாள்.

பதிமூன்று மாதமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தொட்டதில்லை. தொட்டால் அழியும். போன வாரம் வீட்டுக்கார அக்கா வாசலில் நின்று, "அந்த அழுக்க மட்டுமாவது வெள்ளையடிச்சிருவமா தம்பி" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கொஞ்ச நாளாக ஆதியின் படமும் மறுபடி நன்றாகத் தெரிந்தது. கண்ணுக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"சரியாத்தான் இருக்கு மேடம்," என்றேன்.

பெனிட்டா நோட்டை மூடினார். "எனக்கு நம்ப முடியல. மன்னிச்சுக்கிடுங்க." மேலே அண்ணாந்தார். "அண்ணாச்சி. எங்க இருக்கீங்க?"

"பாதிக்கு மேல மேடம். காத்து நல்லாருக்கு. காப்பி குடுத்து அனுப்புங்க."

"மெதுவா ஏறுங்க. துரை சாருக்கு ஒரு சந்தேகம்."

"குருவிக்கண்ணனுக்கா? அவருக்கு நேத்து சந்தேகம், நாளைக்கும் சந்தேகம். எய்யா துரை, எரியுதா?"

"எரியுது அண்ணாச்சி."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

மேலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "அப்ப நடுவுல ஏறுதேன்."

ஏறிக்கொண்டேதான் இருந்தார். இரும்பில் பூட்ஸ் படும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. நான் பெனிட்டாவிடம் துணைமின் நிலையத்தை மறுபடி கூப்பிடச் சொன்னேன். கூப்பிட்டார். ஒன்றாம் லைன் திறந்து பூட்டியிருக்கிறது என்றார்கள். எண்ணைச் சொன்னார்கள். அது உள்ளங்கையில் இருந்த எண்தான்.

"போதுமா சார்?"

போதும்தான். தாள் சரி, எண் சரி. சரியில்லாதது என் கண் மட்டும். டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். வாயை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சுடலைக்கண்ணு குறுக்குக் கையை எட்டிவிட்டார். பெல்ட்டின் கொக்கியை மாட்டினார். தோளில் தொங்கிய ராடை முன்னால் எடுத்தார்.

எனக்கு இடது பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை. அதனால் வலது பக்கம் பார்த்தேன்.

கிழக்கு அந்தப் பக்கம். மூட்டத்துக்குப் பின்னால் சூரியன் இருந்ததால் வானம் வெளுத்திருந்தது. கம்பி அந்தப் பெயர் இல்லாத நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. அந்த நெருப்புக்கு நடுவில் மூன்று பஞ்சுருட்டான்கள் உட்கார்ந்திருந்தன. பச்சை உடம்பு, நீட்டிய வால் ஊசி. ஒன்று இறகு கோதியது. ஒன்று பறந்துபோய்ப் பூச்சியைப் பிடித்து அதே இடத்தில் வந்து உட்கார்ந்து, பூச்சியைக் கம்பியில் அடித்தது.

பறவை எரியும் கம்பியில் உட்காராது.

ஆதி சொன்னது. டவரின் உச்சியில் போகும் எர்த் கம்பியில் காக்காயும் கரிச்சானும் வரிசையாக இருக்கும், கீழே உயர் அழுத்தக் கம்பியில் ஒன்றும் இருக்காது. ஏன் என்று நான் கேட்டதற்கு, "ஒனக்குக் கம்பி தெரியுது. அதுக்குத் தீ தெரியுது" என்றாள். "லைன ஆஃப் பண்ணிப் பாரு. அரை மணி நேரத்துல வந்து உக்காந்துரும். அதுகளுக்கு எவனும் எல்.சி. குடுக்க வேண்டாம்."

வலது பக்கம் நான் பார்ப்பது பொய். அந்த நெருப்பை என் மூளை போட்டிருக்கிறது. வலது கம்பி செத்திருக்கிறது. செத்திருந்தால், நிறுத்தியது அதைத்தான்.

"அண்ணாச்சி," என்று கத்தினேன். "ராட எடுக்காதீங்க."

"என்னடே இப்ப?"

"வலது கம்பியப் பாருங்க. பஞ்சுருட்டான் உக்காந்திருக்கு."

"உக்காந்தா உக்காந்துட்டுப் போகட்டும்."

"ஓடுற லைன்ல உக்காந்து பாத்திருக்கீங்களா?"

பெனிட்டா கையை நெற்றியில் வைத்துக் கிழக்கே பார்த்தார். வெளிச்சத்துக்கு எதிரே அவை மூன்று கறுப்புப் புள்ளிகள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்காவது வந்து உட்கார்ந்தது.

மேலே சுடலைக்கண்ணு அசையாமல் இருந்தார். ராடு அவர் கையில் நீட்டியபடியே நின்றது. அதன் கொக்கிக்கும் இடது கம்பிக்கும் நடுவே பத்தடி இருக்கும். இரண்டு லட்சத்து முப்பதாயிரம் வோல்ட் கடைசி அஞ்சாறு அடியைத் தானே தாண்டி வந்துவிடும்.

"பாத்தது இல்ல," என்றார். இந்தத் தடவை குரல் தாழ்ந்திருந்தது. "இருபத்திரண்டு வருசத்துல பாத்தது இல்ல."

"ராடப் பின்னால எடுங்க அண்ணாச்சி," என்றார் பெனிட்டா. "மெதுவா. தோளுக்குப் பின்னால. எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்."

"அப்படியே உக்காருங்க. எதையும் தொடாதீங்க."

பெனிட்டா போனை ஸ்பீக்கரில் போட்டார். துணைமின் நிலையத்து ஆபரேட்டருக்கு எரிச்சல். "மேடம், மூணாவது தடவ கேக்கீங்க. ஒண்ணாம் லைன்தான். இடது கைப்பக்கம். திரையில பச்சையா, ஆஃப்னு இருக்கு."

"எந்தப் பக்கம் முதுகு காட்டி நின்னா இடது?"

"என்ன மேடம்?"

"இடதுன்னு எங்க நின்னு சொல்லுதீங்க?"

இந்தத் தொழிலில் இடது வலதுக்கு ஒரு முறை உண்டு. மின்சாரம் வரும் முனைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். இடது கைப்பக்கம் ஒன்றாம் லைன், வலது கைப்பக்கம் இரண்டாம் லைன். இந்த லைனுக்கு மின்சாரம் தெற்கிலிருந்துதான் வந்தது. எங்கள் ஆட்கள் எல்லோரும் தெற்கே முதுகு காட்டி வளர்ந்தவர்கள். அவர்களுக்கு மேற்கே இருப்பது ஒன்றாம் லைன். போன வாரம் வடக்கே புதிய துணைமின் நிலையம் திறந்தார்கள். இரண்டு முனைகளின் சுவிட்சுகளும் இப்போது அங்கே ஒரே மேசையில். அதற்குப் பிறகு எடுக்கும் முதல் எல்.சி. இதுதான்.

போனில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"இங்கேருந்துதான் மேடம்," என்றான் ஆபரேட்டர். "எங்க ஸ்டேசனுக்கு முதுகக் காட்டி. தெக்கப் பாத்து. படமே அப்படித்தான் வரைஞ்சிருக்கு."

தெற்கே பார்த்து நின்றால் இடது கை கிழக்கு.

பெனிட்டா போனை வைக்கவில்லை. நோட்டும் கையுமாக அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையில் இருந்த எண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அது அழியவில்லை.

சுடலைக்கண்ணு இறங்க இருபது நிமிடம் ஆனது. ஏறியதைவிட அதிகம். தரையில் கால் வைத்ததும் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு மண்ணில் நின்றார். ஃபிளாஸ்கில் இருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரே மடக்கில் குடித்தார்.

"காப்பி சூடே இல்லையே," என்றார்.

கயிறு பிடித்தவர் டம்ளரை வாங்கி மறுபடி ஊற்றினார்.

"எய்யா துரை. ரெண்டு பக்கமும் எரியுதுன்னு சொன்னியே, நான் உன்னக் கேலி பண்ணுனேன்."

"விடுங்க அண்ணாச்சி."

"எப்படி விட. எம் பொண்டாட்டி ஒனக்குக் கோழி அடிச்சு ஊத்தணும்."

எட்டு மணிக்கு இடது லைனை நிறுத்தி, வலது லைனில் மின்சாரம் விட்டார்கள். பஞ்சுருட்டான்கள் ஒரே நேரத்தில் எழும்பிப் போயின. நான் பார்த்தேன். இடதும் எரிந்தது. வலதும் எரிந்தது. எதுவும் மாறவில்லை. அந்த நிறத்தை உள்ளே விடாத கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினேன்.

மாட்டிய பிறகும் எரிந்தது.

ஒன்பது மணிக்குச் சென்னை அலுவலகத்திலிருந்து வரதன் போனில் வந்தார். கண் திட்டத்துக்குப் பொறுப்பாளர். பெனிட்டா அதற்குள் சொல்லியிருந்தார்.

"பிரமாதம் துரை. இயந்திரம் தவறவிட்டதைக் கண்ணு பிடிச்சிருக்கு. இதைத்தான் ஒரு வருஷமா போர்டுல சொல்லிட்டிருக்கேன். இன்னும் நாற்பது பேருக்கு இந்தக் கண் வைக்க அனுமதி இன்னைக்கே வாங்கிடுவேன். நீங்க ஒரு பக்கம் எழுதி, சாயங்காலத்துக்குள்ள அனுப்புங்க. நீங்க பார்த்ததை மட்டும் எழுதுங்க போதும்."

"சரி சார்."

"கண்ணுல தொந்தரவு எதுவும் இல்லையே?"

"இல்ல சார்."

இரண்டாவது தடவை சொல்லும்போது பொய் எளிதாக வந்தது.

ஜீப்பில் சுடலைக்கண்ணு என் பக்கத்தில் உட்கார்ந்தார். போனில் பேசியது அவருக்குக் கேட்டிருக்கிறது.

"நாப்பது பேருல மொத பேரு என்னுது தம்பி. பேருலயே கண்ணு இருக்கு, பொறகென்ன."

"வேண்டாம் அண்ணாச்சி."

"ஏன், நீ மட்டும் பாத்தாப் போதுமா? மேல ஏறுதவனுக்குல்லா தெரியணும். இன்னைக்கு நீ இருந்த. நாளைக்கு வேற டவர்ல நீ இருக்கமாட்ட." ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "என் மச்சினன் இதே தொழில். அவனையும் சேத்து எழுதச் சொல்லுதேன். இன்னும் இருபது வருசம் ஏறணும் அவன்."

கடிதம் சட்டைப் பையில் வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மூன்று மணி. சாவி போட்டுக் கதவைத் திறந்தேன். கை அதே இடத்தில் இருந்தது. என் நெஞ்சு உயரத்தில், ஐந்து விரலும் விரித்து.

லென்ஸ் மாற்றினால் இது போய்விடும். மாற்ற மறுத்து, கண்ணைப் பற்றி யாரிடமும் சொல்லாமல் இருந்தால் இன்னும் சில மாதம் இருக்கும். பிறகு பார்வையே இருக்காது. அதை நான் முன்பே யோசித்து, பரவாயில்லை என்று முடிவு செய்திருந்தேன். அப்போது அந்தக் கணக்கில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்து போனில் எழுதினேன்.

'இரண்டு லைனிலும் எரிவதைப் பார்த்தேன். வலது லைனில் பார்த்தது பொய். இடது லைனில் பார்த்தது உண்மையா என்று எனக்குத் தெரியாது. லைன் மாறிய பிறகும் இரண்டும் எரிந்தன. என் கண்ணில் அந்த நிறம் போய்விட்டது. டாக்டர் கடிதம் இணைத்துள்ளேன். தவறைக் காட்டியது பஞ்சுருட்டான்கள். மின்சாரம் ஓடும் கம்பியில் பறவை உட்காராது என்று என் மனைவி சொல்லியிருந்தார். கண் சரியாக இருப்பதாக இன்று இரண்டு பேரிடம் சொன்னேன். அது பொய். நாற்பது பேருக்கும் இந்த அறுவை சிகிச்சை செய்ய வேண்டாம்.'

வரதனுக்கு அனுப்பினேன். பெனிட்டாவுக்கு அனுப்பினேன். சுடலைக்கண்ணுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும், அதனால் பேசி அனுப்பினேன். "அண்ணாச்சி, கையெழுத்துப் போடாதீங்க. மச்சினனையும் போட விடாதீங்க. விவரம் நாளைக்குச் சொல்லுதேன்."

ஐந்து நிமிடத்தில் வரதனின் அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. போனைக் குப்புற வைத்தேன்.

இனி மறைக்க எதுவும் இல்லை. பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்தேன். நான்கு மூலையிலும் டேப் ஒட்டினேன். தாளால் அந்தக் கையை மூடி, அதில் அழுந்தாமல் ஓரத்தை மட்டும் பிடித்துச் சுவரில் ஒட்டினேன். இரண்டடி பின்னால் வந்து நின்றேன்.

கை இருந்தது. தாளின் மேல். விளம்பரத்துக்கும் ராசிபலனுக்கும் குறுக்கே, ஐந்து விரலும் விரித்து, அப்படியே.

அப்போதுதான் அதன் சுண்டுவிரலைக் கவனித்தேன். நேராக இருந்தது.

ஆதிக்கு வலது சுண்டுவிரல் கோணல். பள்ளிக்கூடத்தில் கபடி ஆடி முறிந்து, சரியாகக் கட்டாமல் உள்பக்கம் வளைந்து சேர்ந்த விரல். மோதிரம் போடும்போது அந்த விரல்தான் இடிக்கும். அதைப் பதிமூன்று மாதம் தினமும் பார்த்தும் நான் கவனிக்கவில்லை. என் கையை அதன் மேல் வைத்தேன். சரியாகப் பொருந்தியது.

தாளைக் கிழித்தேன்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. சாயங்கால வெயில் வாசல் வழியாகச் சாய்ந்து உள்ளே வந்தது. காலில் இன்னும் செருப்பு இருந்தது. குனிந்து கழற்றப் போனேன். ஒரு காலைத் தூக்கியதும் உடம்பு சாய்ந்தது. சுவரில் கை ஊன்றப் போனேன்.

செருப்பைக் கழற்றக் குனிந்தவன் நெஞ்சு உயரத்தில் கை ஊன்ற மாட்டான். ஆதி என்னைவிட ஒரு சாண் குட்டை.

கையைப் பாதியில் நிறுத்தினேன்.

என் இடுப்புக்குச் சற்றுக் கீழே, சுவரில் அழுக்கு இருந்தது. வீட்டுக்கார அக்கா வெள்ளையடிக்கச் சொன்ன அழுக்கு. பழுப்பு நிறம். மூன்று வருடம் தினமும் ஒரே இடத்தில் ஊன்றி ஊன்றிக் கறுத்துப்போன, யார் கண்ணுக்கும் தெரியும் சாதாரணப் பழுப்பு. சின்னக் கை. சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது.